வாங்கி ஓராண்டுகூட ஆகாத கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. "ஓட்டாமல் நிறுத்தி வைத்ததுதான் காரணம்" என்கிறது ஷோரூம். என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள் நின்றாலே உங்கள் காரில் செல்ஃப் எடுப்பதில்லை என்றும், ஒவ்வொரு முறையும் ஷோரூமில் ஜம்ப் கொடுத்து, சார்ஜ் ஏற்றி, வண்டியை அடிக்கடி ஓட்டுமாறு அறிவுரை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலூரில் இதே அறிவுரையை நானும் கேட்டிருக்கிறேன். அளந்து காட்டிய எண் ஒன்று இல்லாமல் அந்தக் காரணத்தை ஏற்காதீர்கள். அந்த எண்ணை ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் செய்த வேலையையும் ஷோரூம் எழுதித் தரும் சீட்டு) எழுதி வாங்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றுக்காகச் சிறிதளவு மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். பொதுவாக அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், பத்து நாள் நின்ற பிறகும் செல்ஃப் எடுக்க வேண்டும். மூன்று நாளில் படுத்துவிடுகிறது என்றால், ஒன்று பேட்டரி கெட்டிருக்கிறது, அல்லது சார்ஜ் சரியாக ஏறவில்லை, அல்லது எங்கோ மின்சாரம் கசிகிறது. மூன்றையும் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டர் கொண்டே பெருமளவு பிரித்து அறியலாம். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியக் கூடாது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும்.

நான் வார நாட்களில் காட்பாடியிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய் வருபவன் என்பதால், கார் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நிற்கும். அதையே ஷோரூமில் காரணமாகச் சொன்னார்கள். வண்டியை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டு, பூட்டிய நிலையில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை என் கண்முன் அளந்து காட்டும்படி கேட்டேன். "அதெல்லாம் எங்க ப்ரொசீஜர்ல இல்ல சார்" என்றார் சர்வீஸ் அட்வைசர். அங்கிருந்த மூத்த எலக்ட்ரீசியன்தான் முன்வந்து செய்தார். பானெட்டைத் திறந்து வைத்து, ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்தார்; உள்ளே உள்ள கருவிகள் எல்லாம் உறங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார். அதற்குப் பிறகும் மீட்டர் 0.4 ஆம்பியர் காட்டியது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தவர் மியூசிக் சிஸ்டத்தின் ஃப்யூஸைத் தொட்டதும் எண் 0.03க்கு இறங்கியது. ரிவர்ஸ் கேமராவும் திரையும் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் கிடைக்கும் வயரில் இணைக்கப்பட்டிருந்தன.

உடனே பேச்சு மாறியது: வெளியில் பொருத்திய பொருளுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். ஆனால் அந்தத் திரை டெலிவரிக்கு முன் அதே ஷோரூமில் பொருத்தப்பட்டது. உதிரிப் பொருட்களுக்கான பில்லும் அவர்களுடையதே. அதைக் காட்டியதும் வயரிங்கை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பலமுறை முழுதாக வற்றிய பேட்டரி சல்பேட் படிந்து திறன் குறைந்துவிடும் என்பதால் புது பேட்டரியும் கேட்டேன். தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போன பிறகே அது கிடைத்தது. எனவே கார் பில், உதிரிப் பொருள் பில், டெலிவரி நோட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும்; வாங்கிய தேதிக்கும் அதற்கும் பல மாத இடைவெளி இருந்தால், நம் ஊர் வெயிலில் யார்டில் நின்ற வண்டியின் பேட்டரி உங்கள் கைக்கு வரும் முன்பே நலிந்திருக்கலாம். இதையும் கேளுங்கள்.

ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று போடுவார்கள். அதற்குக் கையெழுத்திட வேண்டாம். எத்தனை நாள் நின்றது, செல்ஃப் அடித்தபோது "டிக் டிக்" சத்தம் மட்டும் வந்ததா அல்லது என்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா என்பதை உங்கள் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். முதலாவது பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் பக்கமும், இரண்டாவது எரிபொருள், ஸ்பார்க், சாவியின் இம்மொபிலைசர் (வேறு சாவியால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) பக்கமும் கைகாட்டும். வீட்டில் ஸ்டார்ட் ஆகாதபோது, டேஷ்போர்டு விளக்குகளும் சத்தமும் பதியும்படி வீடியோ எடுத்துவிட்டுப் பிறகு உதவிக்கு அழையுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும் வண்டி பெரும்பாலும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். அப்போது உங்கள் பேச்சுக்கு அந்த வீடியோ மட்டுமே சாட்சி. சர்வீஸ் அட்வைசரிடம் குரல் உயர்த்துவதில் பயனில்லை, வாரண்டியை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் கையில் இல்லை.

அதன் பிறகும் அசையவில்லை என்றால், ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, ஜாப் கார்டுகளை இணையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 மூலமும் புகார் பதியலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கிய காருக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவில் ஷோரூமையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பினராகக் காட்டுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் மற்றவரைக் கைகாட்டி ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும்.