பாட்டு சோறு போடுமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடிக்கப்போகும் மகன் ஆப்பராப் பாடகர் (கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்தில் பாடுபவர்) ஆவேன் என்று நிற்கிறான், பாட்டு சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். எப்போதிலிருந்து, எத்தனை வருடம் என்பதுதான் விஷயம்.

அவன் அறைச் சுவரில் படம் ஒட்டியிருக்கிற போலந்துப் பாடகர் மரியுஷ் க்வியெச்செனையே எடுத்துக்கொள்வோம். 1972இல் கிராக்கோவில் பிறந்தவர். வார்சா இசை அகாதமியில் படித்தார். 1993இல் சொந்த ஊர் ஆப்பராவில் முதல் மேடை. 1999இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவுக்குள் நுழைந்தபோது கிடைத்தது ஒரு சின்ன வேடம், அதுவும் செக் மொழியில். அங்கேயே இளம் பாடகர்களுக்கான பயிற்சித் திட்டத்திலும் இருந்தார். டான் ஜொவான்னி, ஒனேகின் என்று அவர் பெயர் சொல்லும் வேடங்களுக்கு ஒன்று இத்தாலிய மொழி, இன்னொன்று ரஷ்யன். தாய்மொழியில் பாட அவருக்கு வாய்த்த பெரிய வேடம் போலந்து இசையமைப்பாளர் சிமனோவ்ஸ்கியின் 'ரோஜர் அரசர்'.

அதனால் உங்கள் மகனிடம் குரலைக் கேட்பதற்கு முன் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். இத்தாலியப் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலில் பொருள் எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் ஆள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் குரல். ஆண் குரலில் உச்சத்தில் பாடும் டெனருக்கும் அடித்தளத்தில் பாடும் பாஸுக்கும் நடுவில் இருப்பது பாரிடோன். க்வியெச்செனின் குரல் அதுதான். மெட்ரோபாலிட்டனில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். அந்த பலம் பெரும்பாலும் முப்பதை ஒட்டித்தான் கூடிவரும். பதினேழு வயதில் வெர்தியின் ரிகொலெட்டோ என்ற கனமான பாரிடோன் வேடத்தை அடித்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பழைய இத்தாலியப் பாட்டுகள், மோட்சார்ட், இவை இப்போதைக்குப் போதும். (யூடியூபில் லைக் விழாது, பரவாயில்லை.)

சம்பளம்? தனிப்பாடகர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான். பாடாத நாளுக்குக் காசில்லை. ஜெர்மனியின் ஆப்பரா அரங்குகளில் மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்துக்கொள்கிறார்கள். இளைஞர்களுக்கு அது நல்ல வழி. ஜெர்மன் வகுப்பில் இந்த வருடமே சேர்த்துவிடுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது உடம்பைப் பற்றித்தான். 2011 அக்டோபரில் மெட்ரோபாலிட்டனில் டான் ஜொவான்னியின் கடைசி ஒத்திகையில் க்வியெச்செனுக்கு முதுகில் அடிபட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அதே மாதம் மேடை ஏறிவிட்டார். ஊரே கைதட்டியது. ஆனால் முதுகுப் பிரச்சினை விடவில்லை. 2020இல், 47 வயதில், பாடுவதையே நிறுத்திக்கொண்டார். பாரிடோன்கள் இன்னும் பல வருடம் பாடக்கூடிய வயது அது. அதே ஆண்டு போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகர ஆப்பராவின் கலை இயக்குநர் ஆனார். மேடையில் சம்பாதித்த அனுபவம் அங்கே வேலையாக மாறியது. உங்கள் மகனும் பியானோவும் பாட்டுச் சொல்லித்தரும் முறையும் சேர்த்தே கற்கட்டும்.

சரி, இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை சளி பிடிக்கும்போது அவன் வாயை மூடிக்கொண்டு ஓய்வெடுக்கிறானா, இல்லை நண்பர்கள் கேட்டார்கள் என்று பாடுகிறானா என்று கவனித்து எழுதுங்கள். மேற்கொண்டு பேசுவோம்.