பதில்: சிகாகோ போலீஸ் அலைவரிசை ஸ்கேனரில் கேட்கவில்லை

வணக்கம் நண்பரே. பி25 (போலீஸ் பயன்படுத்தும் டிஜிட்டல் ரேடியோ முறை) பேச்சைக் கேட்கும் ஸ்கேனர் வாங்கியும் சிகாகோ போலீஸின் மண்டல ரேடியோ அலைவரிசைகள் எதுவும் கேட்கவில்லை, இதைவிட விலை கூடியதை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் கருவியில் பழுது இல்லை. 2022 வாக்கில் அங்கே ஒவ்வொரு மண்டலமாக என்கிரிப்ஷனுக்கு, அதாவது வெளியாள் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டும் முறைக்கு, மாற்றிவிட்டார்கள். பி25 சிக்னலை ஸ்கேனர் பிடிக்கும். ஆனால் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி இல்லாமல் குரலாக மாற்ற முடியாது. உடைத்துக் கேட்க முயல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட.

பொதுமக்களுக்கு மிஞ்சியது ஸ்கேனர் ஒலியை இணையத்தில் தரும் பிராட்காஸ்டிஃபை தளத்தில் 30 நிமிடத் தாமதத்தோடு வரும் ஒலிபரப்புதான். பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச் சூடு என்றால் அரை மணி கழித்துத் தெரிந்து என்ன பயன்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

தனிநபர் விவரங்களைக் காக்க இப்படிப் பூட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் கலிபோர்னியாவில் உள்ள பாலோ ஆல்டோ நகரைக் காட்டுங்கள். கலிபோர்னியா நீதித்துறை 2020 அக்டோபரில் அந்த விவரங்களைப் பாதுகாக்கச் சொன்னதும், அந்த ஊர் 2021 ஜனவரியில் எல்லாவற்றையும் பூட்டியது. 2022 செப்டம்பரில் திரும்பத் திறந்துவிட்டது. ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி போன்றவற்றைப் போன் அல்லது போலீஸ் வண்டிக் கணினி வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். மற்ற பேச்சை வெளிப்படையாகவே விட்டார்கள். உங்கள் வார்டு ஆல்டர்மனுக்கு (நகர மன்ற உறுப்பினர்) எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

அப்புறம், ஸ்கேனரை மூலையில் போட வேண்டாம். ஓஹேர் விமான நிலையக் கோபுரம் 118–137 மெகாஹெர்ட்ஸில் ஏஎம் முறையில் தெளிவாகக் கேட்கும். 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வானிலை எச்சரிக்கையும் வரும்.