லாங் கோவிட் அசதிக்கு ஃபங்ஷனல் மெடிசின் பக்கம் போலாமா?

கோவிட் வந்துட்டுப் போயி ஒரு வருஷமாகியும் அசதி விடல, ஃபங்ஷனல் மெடிசின் பாத்தா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. நான் போனேன், காசும் நிறைய விட்டேன், அதனால சொல்றேன்.

எனக்கு 2021 மே மாசம், செகண்ட் வேவ்ல வந்துச்சு. ஆஸ்பத்திரி போற அளவுக்கெல்லாம் இல்ல, பத்து நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா ஆறு மாசம் கழிச்சும் மொட்டை மாடியில ஒரு பக்கெட் துணி காயப்போட்டா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாள் இல்லேன்னா அதுக்கடுத்த நாள் பல் தேய்க்கக்கூட கை தூக்க முடியாது. பாத்த ரெண்டு டாக்டரும் "ரிப்போர்ட் நார்மல்மா, தினம் வாக்கிங் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. போனேன், இன்னும் மோசமாச்சு.

அப்புறம்தான் இந்த ஃபங்ஷனல் மெடிசின் கிளினிக். அமெரிக்காவுல 1991ல ஜெஃப்ரி பிளாண்ட்ங்கறவர் ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சு பரப்புன முறை இது, மூல காரணத்தை தேடறோம்னு சொல்லுவாங்க. முதல் நாளே ஒன்னேகால் மணி நேரம் உக்கார வச்சு பிரசவத்துல இருந்து தூக்கம் வரைக்கும் கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு, அதுவரைக்கும் யாரு அவ்ளோ நேரம் கேட்டா? ஹீமோகுளோபின் 12 இருந்ததால யாருமே பாக்காத ஃபெரிட்டின, அதாவது உடம்புல இருக்கற இரும்புச்சத்து சேமிப்ப, அவங்கதான் பாத்தாங்க, 9 இருந்துச்சு. பி12ம் கம்மி. அந்த ரெண்டையும் சரி பண்ணதுல முடி கொட்டறது நின்னுச்சு, படபடப்பும் கொஞ்சம் குறைஞ்சுது.

அதோட நிறுத்தியிருக்கலாம். அடுத்து ஐஜிஜி உணவு டெஸ்ட்னு ஒண்ணு எடுத்தாங்க, ரத்தத்துல இருக்கற ஐஜிஜிங்கற ஒரு வகை ஆன்டிபாடிய பாக்கறது. ரிப்போர்ட்ல தயிர், முட்டை, துவரம்பருப்பு எல்லாம் செவப்பு. எல்லாமே நான் தினம் சாப்பிடறது! பின்னாடிதான் தெரிஞ்சுது, அடிக்கடி சாப்பிடற எதுக்கும் ஐஜிஜி உடம்புல இருக்கத்தான் செய்யும், அது அலர்ஜிக்கு அடையாளமே இல்ல. அதை நம்பி நாலு மாசம் சாம்பார் இல்லாம கெடந்தேன். கூடவே தினம் பதினோரு மாத்திரை, கோக்யூ10, என்ஏசி, இன்னும் என்னென்னமோ, எல்லாம் அவங்க கவுண்டர்லயே வாங்கணும். எழுதிக் குடுக்கறவங்களே விக்கவும் செஞ்சா கொஞ்சம் உஷாரா இருங்க.

எனக்கு நெஜமாவே உதவுனது காசில்லாத விஷயம், பேஸிங். அசதி வர்றதுக்கு முன்னாடியே வேலையை நிறுத்தறது, அவ்ளோதான். சிகிச்சை வழிகாட்டுதல் போடற இங்கிலாந்து நைஸ் அமைப்பு 2021லயே, இதே மாதிரி அசதி வர்ற நாள்பட்ட சோர்வு நோய்க்கு படிப்படியா உடற்பயிற்சி கூட்டற சிகிச்சைய குடுக்காதீங்கன்னு மாத்திருச்சு. 2024ல ஆம்ஸ்டர்டாம்ல லாங் கோவிட்காரங்க தசைய உடற்பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்துப் பாத்தப்போ அதுல பாதிப்பு அதிகமாகறதையே பாத்திருக்காங்க. சோம்பேறித்தனம்னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு இதைத்தான் நான் அனுப்புவேன்.

இன்னொண்ணு, வீட்ல கெடக்கற அந்த பழைய ஆக்ஸிமீட்டர எடுங்க. பத்து நிமிஷம் படுத்துட்டு பல்ஸ் பாருங்க, அப்புறம் எழுந்து நின்னு பத்து நிமிஷம் வரைக்கும் பாருங்க, தலை சுத்துனா உடனே உக்காந்துருங்க. எனக்கு 74ல இருந்து 112 போச்சு. படுத்திருந்தப்ப இருந்ததை விட 30க்கு மேல ஏறி அப்படியே இருந்தா பாட்ஸ்ங்கற, எழுந்து நின்னா இதயத்துடிப்பு ரொம்ப ஏறற பிரச்சனையா இருக்கலாம், எழுதி எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க. பிபி, கிட்னி பிரச்சனை இல்லேன்னு பாத்துட்டு எனக்கு உப்பு கூட்டச் சொன்னாரு, நீங்களா ஆரம்பிக்காதீங்க. நான் உப்பு மோர் ரெண்டு சொம்பு குடிக்கறேன், காய் நறுக்கறது ஸ்டூல்ல உக்காந்துதான், துணி அரை பக்கெட், மீதிய வீட்டுக்காரர் காயப்போடறாரு.