‘ட்ரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று அச்சடித்த வர்க்கி பாக்கெட்

கேள்வி: குன்னூரில் அப்பா காலத்திலிருந்து வர்க்கி அடுப்பு நடத்துகிறோம். எதிர்க்கடைக்காரர் பொறாமையில் புகார் கொடுத்து, உணவு பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனார். 100 கிராமில் 0.4 கிராம் ட்ரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) என்று அறிக்கை வந்திருக்கிறது. நாங்கள் வாங்கும் வனஸ்பதி சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது. புகார் கொடுத்தவர் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: எதிர்க்கடைக்காரரை விடுங்கள். யார் புகார் கொடுத்தார் என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. உங்கள் பாக்கெட்டில் ‘ட்ரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று இருக்கிறதா, அதுதான் வழக்கு.

2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் வனஸ்பதி டின் அதற்குள் இருக்கலாம். ஆனால் ‘இல்லை’ என்று போட, 100 கிராம் பண்டத்தில் 0.2 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். வர்க்கியில் கால் பங்கு கொழுப்பு என்று வையுங்கள்: 25 கிராமில் 2 சதவீதம், அரை கிராம் வரை வரலாம். சரக்கு சரி, வாசகம் தப்பு. தப்பான வாசகத்துக்கு உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் வரை அபராதம். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு இருப்பதெல்லாம் இங்கே உதவாது.

இனி நான் பயப்படுவது அலுவலருக்கு நீங்கள் எழுதப்போகும் பதில் கடிதத்தைத்தான். என்னிடம் வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்கள் கோபத்தில் தாங்களே எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் வருவார்கள். ‘எண்ணெய்க் கம்பெனி சொன்னதை நம்பி அச்சடித்தோம்’ என்ற ஒரு வரி போதும், உங்கள் தற்காப்பைக் கெடுக்க. உரிய கவனம் எடுத்தேன் என்பது அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவு தரும் தற்காப்பு. ஒரு தடவைகூட வர்க்கியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அதை எப்படி எடுப்பது? இன்னொன்று, பழைய பாக்கெட் வீணாகிறதே என்று ஊட்டி கடைகளுக்குத் தள்ளிவிடுவது. அங்கே இன்னொரு மாதிரி எடுத்தால், திரும்பத் திரும்பச் செய்த தவறு என்று அபராதம் கூடும். சரக்கை இன்றே திரும்ப எடுங்கள், எடுத்ததற்கு ரசீது வையுங்கள்.

அறிக்கை தப்பு என்று உண்மையிலேயே நினைத்தால் கைக்கு வந்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவு பாதுகாப்புத் துறையின் மேலதிகாரி) மேல்முறையீடு. 0.4 எங்கே, 0.2 எங்கே, நான் அதற்குச் செலவழிக்க மாட்டேன். சிறு உற்பத்தியாளர் பணம் கட்டிச் சமரசமாக முடிக்க 69-ஆம் பிரிவு வழிவிடுகிறது, உச்சம் 1 லட்சம். கோப்பு, அபராதத்தைத் தீர்மானிக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போவதற்கு முன்பே அதைக் கேட்டுப் பாருங்கள். மானநஷ்ட வழக்குக்கு வக்கீல் பீஸே அதைத் தாண்டிவிடும்.