‘ஏன் கொன்றான்?’: தொடர் கொலைகள் பற்றிக் கேள்வி பதில்

மருத்துவ உளவியலாளராக 19 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். விசாரணைக் கைதிகளின் மனநிலையை மதிப்பிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அதில் ஒரு பகுதி. கொலை வழக்கில் வந்த பலரோடு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஆனால் அவர்களில் தொடர் கொலையாளி ஒருவர்கூட இல்லை. இங்கே நான் சொல்லப்போவது வழக்குப் பதிவுகள், விசாரணை அறிக்கைகள், ஆய்வுகள் வழியாகத் தெரிந்துகொண்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): மேடம், எத்தனை கொலை செய்தால் ஒருவனை சீரியல் கில்லர் என்று சொல்வார்கள்?

பதில்: 1998-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டம் மூன்று என்றது. 2005-இல் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கூட்டிய கருத்தரங்கில் அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஒரே ஆள், வெவ்வேறு சமயங்களில், இரண்டு பேரையாவது கொன்றிருக்க வேண்டும். எண்ணிக்கையைவிட அந்த ‘வெவ்வேறு சமயம்’தான் முக்கியம் தம்பி. ஒரே நாளில் பத்துப் பேரைச் சுட்டவன் வேறு வகை. இவன் ஒருவரைக் கொன்றுவிட்டு வீட்டுக்குப் போகிறான், சாப்பிடுகிறான், மறுநாள் வேலைக்குப் போகிறான். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சும்மா இருக்கிறான். பிறகு மறுபடியும் கிளம்புகிறான். அந்த இடைவெளியில் அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் எங்களுக்கெல்லாம் பெரிய கேள்வி.

கேள்வி (அதே மாணவர்): அப்படியென்றால் ஆட்டோ சங்கர்?

பதில்: அந்த வரையறைப்படி சேர்வார். ஆறு கொலைகள், 1995-இல் சேலம் மத்திய சிறையில் தூக்கு. ஆனால் அவை சாராயம், பாலியல் தொழில் என்று அவர் நடத்திய தொழிலோடு பின்னிக் கிடந்த கொலைகள். கூட்டாளிகளும் இருந்தார்கள். ‘உள்ளே ஏதோ ஒன்று கொல்லத் தூண்டியது’ என்ற கதையை அவர்மேல் ஏற்றிச் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்): இவர்களில் வகைகள் உண்டு என்கிறார்களே, என்னென்ன?

பதில்: 1980-களின் கடைசியில் ஹோம்ஸ், டி பர்கர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்தார்கள். குரல் கேட்டு, காட்சி கண்டு கொல்பவர்கள். ‘இன்ன கூட்டத்தை ஒழிப்பது என் கடமை’ என்று கொல்பவர்கள். இன்பத்துக்காகவோ லாபத்துக்காகவோ கொல்பவர்கள். இன்னொரு உயிர் முழுக்கத் தன் கைக்குள் அடங்கிக் கிடக்கும் அந்த அதிகாரத்துக்காகக் கொல்பவர்கள்.

கேட்கத் தெளிவாக இருக்கும். நிஜ ஆட்களை வைத்துப் பார்த்தால் கலங்கிவிடும். பீட்டர் சட்கிளிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்றவர். பாலியல் தொழிலாளிகளைக் கொல்லச் சொல்லிக் கடவுளின் குரல் கேட்டது என்றார். இது முதல் வகையா, இரண்டாவதா? கொல்லப்பட்டவர்களில் மாணவிகளும் அலுவலகம் போகும் பெண்களும் இருந்தார்கள். நடுவர் குழு அவருடைய கதையை ஏற்கவில்லை, கொலைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது.

நம் பக்கத்து மாநிலத்தில் சயனைட் மோகன். தட்சிண கன்னடப் பகுதியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 2003 முதல் 2009 வரை 20 பெண்களைக் கொன்றதாக வழக்கு. வரதட்சணை வேண்டாம், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்பார். வெளியூர் லாட்ஜில் ஓர் இரவு. காலையில் நகைகளை அறையிலேயே வைக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போவார். கர்ப்பத் தடை மாத்திரை என்று ஒன்றைக் கையில் கொடுத்து, கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்வார். நகைதான் நோக்கம் என்றால் லாபக் கொலை. ஆனால் திருட மட்டும் நினைப்பவனுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு? அந்தப் பெண் தன்னை முழுசாக நம்பி, தன் கையாலேயே வாங்கி விழுங்குவதில் அவனுக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

எஃப்.பி.ஐ. பிரபலப்படுத்திய ‘திட்டமிடுபவர், திட்டமில்லாதவர்’ என்ற பிரிவும் இதே கதைதான். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கேன்டரும் குழுவினரும் 2004-இல் 100 தொடர் கொலையாளிகளின் குற்றங்களை வைத்து அதைச் சோதித்தார்கள். இரண்டு தனித்தனிக் கூட்டமாக அவர்கள் பிரியவே இல்லை.

கேள்வி (பெயர் வேண்டாம், ஒரு தாய்): மேடம், என் பையனுக்கு எட்டு வயசு. இன்னும் சில நாள் படுக்கையை நனைக்கிறான். போன மாசம் நாய்க்குட்டியின் காலைத் திருகினான். படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, பிராணிகளை வதைப்பது மூன்றும் இருந்தால் பெரியவனாகிக் கொலைகாரன் ஆவான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். தூக்கமே வரவில்லை.

பதில்: முதலில் அந்த வீடியோவை மனசிலிருந்து இறக்கி வையுங்கள் அம்மா. அந்த ‘மூன்று அறிகுறி’ பேச்சு 1963-இல் மெக்டொனால்டு என்ற மனநல மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளிகளைப் பார்த்து அவர் குறித்துக்கொண்ட விஷயம் அது. மிரட்டல்தான், கொலை இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த மூன்றையும் வைத்து எதிர்காலக் கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டவில்லை.

படுக்கையை நனைப்பதற்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எட்டு வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு அது உண்டு. திட்டாதீர்கள், மற்றவர்கள் எதிரில் சொல்லிக் காட்டாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், போதும்.

நாய்க்குட்டி விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அவன் கொலைகாரன் ஆவான் என்பதற்காக இல்லை. பிராணியை நோகடிக்கும் பிள்ளையை யாரோ நோகடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ அடிபடுவதை அவன் தினம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளியில், டியூஷனில், வேனில், வீட்டில், உறவுக்காரர்களில் என்று எல்லாப் பக்கமும் யோசியுங்கள். ‘ஏன்டா செஞ்சே?’ என்று கேட்டால் பதில் வராது. ‘குட்டிக்கு அப்போ எப்படி வலிச்சிருக்கும்?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முகம் மாறுகிறதா, கண் கலங்குகிறதா என்று பாருங்கள். எதுவுமே தெரியாவிட்டால், அல்லது மறுபடியும் செய்தால், குழந்தைகளுக்கான உளவியலாளரிடம் கூட்டிப்போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

கேள்வி (சென்னை): என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பத்து வருஷமாக மருந்து சாப்பிடுகிறான், அமைதியானவன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ‘சைக்கோ’ என்று சொல்லிப் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடுவதில்லை. சீரியல் கில்லர்கள் எல்லாம் மனநோயாளிகளா?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. இல்லை, பெரும்பாலானவர்கள் அந்த அர்த்தத்தில் நோயாளிகள் கிடையாது. அந்தப் பாழாய்ப்போன ‘சைக்கோ’ என்ற வார்த்தை இரண்டு வேறு விஷயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

மனச்சிதைவில் நிஜம் எது, பிரமை எது என்ற கோடு அழிந்துபோகிறது. வேதனைப்படுவது பெரும்பாலும் அந்த நோயாளிதான். சைக்கோபதி என்பது வேறு. உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த 20 அம்ச அளவுகோல் வைத்து அதை மதிப்பிடுகிறோம். மேலோட்டமான வசீகரம், கூசாமல் பொய், குற்ற உணர்வின்மை, அடுத்தவர் வலி உறைக்காமல் இருப்பது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். அப்படிப்பட்டவருக்கு நிஜம் தெளிவாகத் தெரியும். அவர்களிலும் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை.

மனச்சிதைவோடு தொடர் கொலை செய்தவர்கள் அபூர்வமாக உண்டு. கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் முல்லின், 1972 அக்டோபரிலிருந்து 1973 பிப்ரவரிக்குள் 13 பேரைக் கொன்றார். உயிர்ப்பலி கொடுத்தால்தான் பூகம்பம் வராது என்று நம்பினார். அதற்கு முன்பே பல மனநல மருத்துவமனைகளில் இருந்துவிட்டு வெளியே வந்தவர் அவர். உங்கள் தம்பிக்கோ பத்து வருஷமாக மருந்து தவறாமல் கிடைக்கிறது, பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் இதை என் பெயரால் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், பெங்களூரு): இவர்கள் மகா புத்திசாலிகள் என்பது உண்மையா? வருஷக்கணக்கில் போலீசை ஏய்க்கிறார்களே.

பதில்: உங்கள் துறைக்கு ஏற்ற உதாரணமே இருக்கிறது. டென்னிஸ் ரேடர், கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா. 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தேவாலயச் சபையின் தலைவர் பதவி எல்லாம் உண்டு. தனக்குத் தானே ஒரு பட்டப்பெயர் சூட்டி, பத்திரிகைக்கும் போலீசுக்கும் கடிதம் எழுதியவர். 1991-க்குப் பிறகு பேச்சில்லை. 2004-இல் முதல் கொலைகளின் முப்பதாவது வருடத்தை ஒட்டி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. ஊர் தன்னை மறந்துவிடுமோ என்பது பொறுக்கவில்லை. மறுபடி கடிதங்கள்.

ஒரு கடிதத்தில் போலீசிடமே கேட்டார்: பிளாப்பி டிஸ்க்கில் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள் என்று. பரவாயில்லை, அனுப்பலாம் என்று செய்தித்தாள் விளம்பரத்தில் பதில் வைத்தார்கள். 2005 பிப்ரவரியில் பிளாப்பி வந்தது. அழிக்கப்பட்ட ஒரு கோப்பின் மிச்சத்தில் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் இருந்தன. சில நாட்களில் கைது. விசாரணை அறையில் அவர் உண்மையாகவே மனம் நொந்து அதிகாரியிடம் கேட்டாராம், ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று.

அந்த ஒரு கேள்வியில் ஆள் முழுக்கத் தெரிகிறார். பத்து உயிரை எடுத்தவருக்கு, தன்னிடம் ஒருவர் பொய் சொன்னதுதான் அநியாயம். இதில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது? அவர் 31 வருடம் தப்பியது அவர் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களைக் கொன்றார், கொலைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டார், அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சி): பெண்கள்?

பதில்: குறைவு, ஆனால் உண்டு. பெரும்பாலும் விஷம், தெரிந்தவர்கள், பணம். சாக்ரமென்டோவில் விடுதி நடத்திய டொரோதியா புவென்டேயின் தோட்டத்தில் 1988-இல் ஏழு சடலங்களைத் தோண்டினார்கள். செத்தவர்களுக்கு வந்த அரசு உதவிக் காசோலைகளை அவர் மாற்றிக்கொண்டிருந்தார். பெங்களூரின் கெம்பம்மா, கோயிலில் அழுதுகொண்டிருந்த பெண்களிடம் ஆறுதலாகப் பேசிப் பழகி, பூஜை என்று சொல்லி சயனைட் கொடுத்தார்.

கேள்வி (செவிலியர், தஞ்சாவூர்): அக்கா, ஒரு டாக்டர் எப்படி நோயாளிகளைக் கொல்ல முடியும்? ஹரால்டு ஷிப்மன் பற்றிப் படித்ததிலிருந்து கேட்க நினைத்தேன்.

பதில்: மான்செஸ்டர் பக்கத்தில் ஹைடு என்ற சிற்றூர். அங்கே எல்லோருக்கும் பிடித்த குடும்ப டாக்டர். 2000-இல் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. அதில் 171 பேர் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஆயுதம், கடும் வலிக்குப் போடும் டயமார்ஃபின் ஊசி.

காரணத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை, 2004-இல் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார். ஊகங்கள் உண்டு. அவருடைய 17 வயதில் அம்மா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். டாக்டர் வீட்டுக்கு வந்து மார்ஃபின் போட்டதும் வலி தணிந்து அம்மா அடங்குவதைப் பையன் பார்த்திருக்கிறான். அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப நடத்தினார் என்கிறார்கள். பின்னாளில் பெதிடின் என்ற வலிமருந்துக்கு அடிமையாகிப் போலி மருந்துச் சீட்டு எழுதி 1976-இல் தண்டிக்கப்பட்டவர் என்பதும் உண்டு. அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் கொலைகாரர்களாகவில்லை என்பதால் அந்தக் கதை எனக்குப் போதவில்லை. சாவு எந்த நிமிடம் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு போதையாக மாறியிருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி (அதே செவிலியர்): பக்கத்தில் இருந்த யாருக்குமே தெரியவில்லையா அக்கா?

பதில்: தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. சவ அடக்க நிலையம் நடத்திய குடும்பத்தில் டெபோரா மாஸி கவனித்தார். நோயில் இறந்ததாகச் சொல்லப்பட்ட பாட்டிகள் படுக்கையில் இல்லை. பகல் நேரத்தில், முழுசாக உடுத்தி, நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார்கள். எதிர்ப்பக்கக் கிளினிக்கின் டாக்டர் லிண்டா ரேனால்ட்ஸ், ஷிப்மனின் நோயாளிகளுக்காகத் தங்களிடம் கையெழுத்துக்குத் தகனச் சான்றிதழ்கள் இத்தனை வருகின்றனவே என்று எண்ணிப் பார்த்து, 1998 மார்ச்சில் அதிகாரிகளிடம் சொன்னார். போலீஸ் மேம்போக்காக விசாரித்து ஏப்ரலில் மூடிவிட்டது. அதன்பிறகு இன்னும் மூன்று பெண்கள் இறந்தார்கள். மூன்றாவதாக இறந்தவர் அந்த ஊரின் முன்னாள் மேயர், 81 வயது கேத்லீன் கிரண்டி. அவர் சொத்தை டாக்டருக்கு எழுதிவைத்ததாக ஒரு மட்டமான போலி உயில் வந்தது. மகள் வழக்கறிஞர், அவர் விடவில்லை.

ஜான் ஷா என்று ஒரு டாக்ஸி ஓட்டுநர் இருந்தார். வயதான பெண்களைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிப்போய் வருவார், பைகளை வீட்டுக்குள் வைத்துக் கொடுப்பார். நன்றாக இருந்தவர்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள், கேட்டால் எல்லோருக்கும் ஒரே டாக்டர். அவர் ஒரு காகிதத்தில் பெயர்களை எழுத ஆரம்பித்தார். ஒரு டாக்ஸிக்காரன் டாக்டர்மேல் பழி சொன்னால் யார் நம்புவார்கள் என்று பயந்து வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். போலீசிடம் அதை அவர் நீட்டியபோது அதில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.