கார் கடனை முன்கூட்டியே அடைக்கலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. 6 லட்சம் ரூபாய் கார் கடனை 9.5 சதவீத நிலையான வட்டியில், 5 ஆண்டுத் தவணையில் வாங்கினேன். மாதத் தவணை 12,601 ரூபாய். 36 தவணைகள் கட்டிவிட்டேன். இப்போது சீட்டு எடுத்த பணம் 3 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. கடனை ஒரேயடியாக அடைத்துவிட நினைக்கிறேன். என் கணவரோ, பணத்தை வங்கியில் டெபாசிட் செய்துவிட்டுத் தவணையைத் தொடரலாம் என்கிறார். அடுத்த காரைக் கடனில்லாமல் வாங்கவும் ஆசை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: கடனுக்கு 9.5 சதவீதம், டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் என்று இரண்டு வட்டியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடைப்பதே லாபம் என்றுதான் தோன்றும். ஆனால், தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளிலேயே கழிந்துவிடுகிறது. 5 ஆண்டுகளுக்கு நீங்கள் கட்ட வேண்டிய மொத்த வட்டியான சுமார் 1,56,000 ரூபாயில் ஏறக்குறைய 1,28,000 ரூபாயை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அசல் பாக்கி சுமார் 2,74,400 ரூபாய். மீதமுள்ள 24 தவணைகளின் கூட்டுத்தொகை 3,02,424 ரூபாய். ஆகவே, இன்று அடைத்தால் மிச்சமாகும் வட்டி 28,000 ரூபாய்தான்.

அதிலும் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தைக் கழிக்க வேண்டும். தனிநபர்கள் சொந்தத் தேவைக்காக வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணத்தை வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது. உங்களுடையது நிலையான வட்டிக் கடன் என்பதால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே செல்லும். அங்கே 3 சதவீதம் என்று இருந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் 9,700 ரூபாய் போய்விடும். அந்த நிலையில், அசல் பாக்கியும் கட்டணமும் சேர்ந்த 2,84,000 ரூபாயை 6.5 சதவீத வட்டிக்கு 2 ஆண்டுகள் டெபாசிட் செய்தாலும், கடனை அடைத்துவிட்டுத் தவணைப் பணத்தை அதே வட்டியில் மாதந்தோறும் ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) கட்டி வந்தாலும், முடிவில் கிடைப்பது ஏறக்குறைய 3,23,000 ரூபாய்தான். வருமான வரி கட்டுபவராக இருந்தால், டெபாசிட்டில் வரும் வட்டி கூடுதல் என்பதால் அதற்கான வரியும் சற்றுக் கூடும்; மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம், இன்றைய தேதியில் கணக்கை முடிக்கக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டண விவரத்துடன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் இல்லை, அல்லது 1 சதவீதத்துக்குள் என்றால் தயங்காமல் அடைத்துவிடலாம். 3 சதவீதம் என்றால் உங்கள் கணவர் சொல்வதே என் கருத்தும். சீட்டுப் பணம் முழுவதையும் கடனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே மருத்துவச் செலவு வந்து, கார் கடனைவிடக் கூடுதல் வட்டிக்கு நகைக் கடனோ கைமாற்றோ வாங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். வேறு சேமிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை; இல்லையென்றால், கட்டணம் குறைவாக இருந்தாலும் சற்று யோசியுங்கள்.

அடுத்த காரைப் பொறுத்தவரை, கடன் இன்று முடிந்தாலும் 2 ஆண்டுகள் கழித்து முடிந்தாலும், தவணை நின்ற மறு மாதமே அதே தேதியில் அதே தொகை வேறொரு கணக்கில் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒரு மாதம் விட்டாலும் அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடும். அஞ்சலக ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டியில் மாதம் 12,600 ரூபாய் கட்டினால், 5 ஆண்டு முடிவில் சுமார் 8,99,000 ரூபாய் கிடைக்கும். ஆனால், அதை இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். ஆகவே, 2 அல்லது 3 ஆண்டுகளில் காரை மாற்றும் எண்ணம் இருந்தால் வங்கி ஆர்.டி.யே பொருந்தும். பழைய காரை விற்று வரும் தொகையும் சேரும் என்பதால், சிறிய காராக இருந்தால் கடன் தேவைப்படாது.

கடனை எப்போது அடைத்தாலும், தடையில்லாச் சான்றிதழையும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவதற்காக நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் படிவம் 35-இன் இரண்டு பிரதிகளையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்றிதழ் குறிப்பிட்ட காலம் வரைதான் செல்லும் என்பதால், அதை மேசை இழுப்பறையில் போட்டுவைக்காமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள். பிறகு காப்பீட்டு பாலிசியிலும் அந்த நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.