நுகர்வோர் கேள்வி-பதில்: பலகையைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளின் வாசலில் கரி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே, தானியமோ பிளாஸ்டிக் மணிகளோ நிரப்பிய சிறு பையைச் சாய்பலகையின் துளைக்குள் எறியும் கார்ன்ஹோல் ஆட்டத்தின் பலகைகளையும் அடுக்கிவிடுகிறார்கள். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியே இருப்பதால், மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்மையில் சின்சினாட்டிக்குக் குடிவந்தோம். இங்கே யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் கொல்லைப்புறத்தில் சாய்வான பலகையை வைத்துப் பை எறிகிறார்கள். நாங்களும் வாங்க நினைக்கிறோம். எப்படி ஆடுவது, என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகி, சின்சினாட்டி

பதில்: இந்த ஆட்டம் ஆழமாக வேரூன்றிய ஊர்களில் ஒன்றுக்குத்தான் போயிருக்கிறீர்கள். தேவையானவை இரண்டு பலகைகளும், இரண்டு நிறங்களில் நான்கு நான்காக எட்டுப் பைகளும் மட்டுமே. பலகை 4 அடி நீளமும் 2 அடி அகலமும் இருக்க வேண்டும். 6 அங்குலக் குறுக்களவுள்ள துளையின் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம் கீழே அமைய வேண்டும். பலகையின் பின்பக்கம் தரையிலிருந்து 12 அங்குலம் உயர்ந்திருக்கும். பை 6 அங்குலச் சதுரம். எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு.

பலகைகளை எதிரெதிராக வைத்து, முன் விளிம்புக்கும் முன் விளிம்புக்கும் இடையில் 27 அடி விடுங்கள். சிறுவர்கள் ஆடினால் 21 அடி போதும். நால்வர் ஆடும்போது ஒரே அணியைச் சேர்ந்த இருவரும் ஆளுக்கொரு பலகையருகில் எதிரெதிராக நிற்பார்கள். ஒரு பலகையருகே நிற்கும் இரு எதிரணியினரும் மாறி மாறி நான்கு பைகளையும் எதிர்ப்பலகையை நோக்கி எறிய வேண்டும். எறியும்போது தம் பலகையின் முன் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கக் கூடாது. துளைக்குள் விழுந்த பைக்கு மூன்று புள்ளிகள், பலகைமேல் நின்ற பைக்கு ஒன்று. தரையில் பட்டுத் துள்ளிப் பலகையில் ஏறிய பை செல்லாது. அதை உடனே எடுத்துவிட வேண்டும். சுற்று முடிந்ததும் இரு தரப்புப் புள்ளிகளையும் கழித்து, மிச்சத்தை மட்டும் கூடுதலாக எடுத்தவருக்குச் சேர்ப்பார்கள். உங்களுக்குத் துளையில் ஒன்றும் பலகையில் இரண்டுமாக ஐந்து புள்ளிகள், எதிராளிக்குப் பலகையில் மூன்று என்றால், உங்கள் கணக்கில் இரண்டு ஏறும். அவருக்கு ஒன்றும் இல்லை. முதலில் 21 எடுப்பவர் வென்றார்.

கேள்வி: சரியாக 21 எடுக்க வேண்டும், தாண்டினால் 15க்கு இறங்கிவிட வேண்டும் என்கிறார் என் மைத்துனர். நான் வாங்கிய பெட்டியில் விதித்தாளே இல்லை. யார் சொல்வது சரி?
— வாசகர், டேட்டன்

பதில்: தாண்டலாம். மைத்துனர் சொல்வது சில வீடுகளில் வைத்துக்கொள்ளும் வழக்கம். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 'அதிகாரபூர்வப் போட்டித் தரம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வீட்டில் அளந்தால் பலகை மூன்று அடி நீளம்தான் இருக்கிறது. பையும் விழுந்த வேகத்தில் துள்ளி வெளியே ஓடுகிறது. அளவு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறதே என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதால் அது ஏமாற்று இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஆட்டத்துக்கு அளவு வகுத்திருப்பவை தனியார் சங்கங்களே தவிர அரசாங்கம் அன்று. அந்தச் சங்கங்களின் ஒப்புதல் முத்திரை வேறு, ஆலைக்காரர் தாமே பெட்டியின்மேல் அச்சடித்துக்கொள்ளும் பெருமை வேறு. முன்னதற்குச் சோதனை உண்டு. பின்னதற்கு மை மட்டும் போதும்.

நீளத்தையாவது அளந்து கண்டுபிடித்துவிடலாம். எனக்கு நெடுநாளாக ஆத்திரமூட்டுவது, எந்தப் பெட்டியிலும் எளிதில் கண்ணில் படாத இரண்டு செய்திகள்: ப்ளைவுட்டின் கனமும், அடிப்பக்கத்தின் அமைப்பும். உங்கள் பை துள்ளுவதற்குக் காரணம் உங்கள் கை அன்று. பலகை மெலிதாக இருந்து, அடியில் குறுக்குச் சட்டமும் இல்லாவிட்டால், விழும் பை பலகையை அதிரச் செய்கிறது, அந்த அதிர்வு பையை மேலே தள்ளுகிறது. அரை அங்குலத்துக்குக் குறைந்த ப்ளைவுட்டை வாங்காதீர்கள். முக்கால் அங்குலம் கிடைத்தால் நல்லது, தூக்குவதற்குக் கனமாக இருந்தாலும் பரவாயில்லை. 14ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு தச்சர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்ற ஆதாரமற்ற கதையை அச்சிடப் பெட்டியில் இடம் இருக்கிறது, பலகையின் கனத்தை அச்சிட இடம் இல்லை. (கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆவணம் வேண்டுமென்றால், துளையிட்ட சாய்பலகையில் பை எறியும் ஆட்டத்துக்கு 1883இல் ஹேலிகர் டி விண்ட் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இருக்கிறது.) நானே ஒருமுறை காரில் வைக்க வசதியாக இருக்கும் என்று நடுவில் கீல் வைத்த மடக்குப் பலகையை வாங்கினேன். விளம்பரப் படங்கள் எல்லாம் மேற்புறத்தையே காட்டின. வீட்டுக்கு வந்தபின், நன்றாக வழுக்கிப் போகும் பை ஒவ்வொன்றும் அந்த மடிப்பின் விளிம்பில் போய் முட்டி நின்றது. அடிப்பக்கத்தின் படத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் எதையும் வாங்குவதில்லை என்று அதன்பின் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பெட்டியின் இரு பக்கங்களையும் படமெடுத்து, ரசீதுடன் கடையின் மேலாளரிடம் கொடுத்து, முழுப் பணத்தையும் கேளுங்கள். மறுத்தால் உங்கள் மாநிலத்தின் நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கு எழுதுங்கள்.

கேள்வி: மக்காச்சோளம் நிரப்பிய பைகளைப் போன கோடையில் வாங்கினேன். மழைக்காலம் முழுவதும் வெளியிலேயே கிடந்தன. இப்போது பூஞ்சை பிடித்து நாறுகின்றன. ஒன்றை எலி கடித்திருக்கிறது. கடை மாற்றித் தருமா?
— வாசகர், டாலஸ்

பதில்: தராது. தானியத்தை மழையில் போட்டுவிட்டுக் கடையைக் கேட்பதில் நியாயம் இல்லை. அடுத்த முறை பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய பையை வாங்குங்கள், அதையும் வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: மகளின் திருமண வரவேற்புக்காக மணமக்கள் பெயர் பொறித்த பலகைகளுக்குச் சமூக ஊடக விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் கடன் அட்டையில் பணம் கட்டினேன். மூன்று வாரத்தில் அனுப்புவதாகச் சொன்னவர்கள், ஏழு வாரம் ஆகியும் அனுப்பவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. திருமணமே முடிந்துவிட்டது.
— வாசகி, கொலம்பஸ்

பதில்: மனம் வருந்துகிறது, அம்மா. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, காலமும் இன்னும் இருக்கக்கூடும். இணையத்தில் விற்பவர் தாம் சொன்ன கெடுவுக்குள் பொருளை அனுப்ப வேண்டும், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி. தாமதமானால் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், நீங்கள் மறுத்தால் பணத்தைத் திருப்ப வேண்டும். அவர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டு இன்னும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். இந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கையை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் கடன் அட்டை நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் புகார் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னால் உடனே குறித்துக்கொள்வார்கள் என்றாலும், அதோடு நிறுத்தாமல், அறிக்கையில் புகார்களுக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பணம் கட்டும் முகவரி வேறாக இருக்கும். விளம்பரத்தின் படம், கெடு குறித்த பக்கம், பதில் வராத உங்கள் மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவும் கடன் அட்டைக்கு உரிய பாதுகாப்பு. செயலி வழியாக நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் என்னால் இந்த அளவுக்கு உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: தொழில்முறை ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் பை நான்கின் விலை எண்பது டாலர். வாங்கினால் ஆட்டம் மேம்படுமா?
— வாசகர், சார்லட்

பதில்: மேம்படாது. ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும் என்று இரு துணிகளில் தைத்த அந்தப் பைகள், எந்தப் பக்கத்தைக் கீழே விழச் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு எறியத் தெரிந்தவர்களுக்கானவை. உங்கள் பை தரையில் விழுகிறது என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2022இல் தென் கரோலைனாவின் ராக் ஹில்லில் நடந்த உலகப் போட்டியில் ஓர் அணியின் பைகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று புகார் எழுந்து, சோதித்தபோது எதிரணியின் பைகளும் பொருந்தாதவையாக இருந்தன. பெரிய ஆட்டக்காரர்களின் பையே அந்த நிலையில் இருக்கும்போது, நீங்கள் சமையலறைத் தராசில் நிறுத்து, எட்டும் ஒரே எடையாக இருக்கும் சாதாரணப் பைகளை வாங்கினால் போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டார் பழைய பலகை இரண்டை இருபது டாலருக்குத் தருகிறார்கள். மேற்புறம் சொரசொரப்பாக இருக்கிறது, கால்கள் ஆடுகின்றன. வாங்கலாமா?
— வாசகி, டிட்ராய்ட்

பதில்: ப்ளைவுட்டாக இருந்தால் வாங்கலாம். காலுக்குப் புதிய போல்ட் போட்டு, மேற்புறத்தைப் பொடி உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்க்குப் பதில் நீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் மெருகை இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூசினால் பை நன்றாக வழுக்கும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்து ஓரம் உப்பியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.